வசந்தியிடம் போன குதிரை

அரியாலைக் குதிரையைப் பழக்கியது யார் என்று எங்கள் கால்நடை வைத்திய அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் வசந்தி என்றுதான் சொல்வார்கள். என்னைக் கேட்டாலும் அதையே சொல்வேன். சொல்லும்போது பழைய எரிச்சல் ஒன்று தலை தூக்கிப் பார்க்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. அது மட்டும் இன்னும் ஓயவில்லை.

இப்போது யாழ்ப்பாணத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிற சிலர் குதிரையும் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வண்டியில் வந்து இறங்கவேண்டும், அதைப் படம் பிடிக்கவேண்டும். அதனால் புதிதாக வேலைக்கு வந்த கால்நடைப் போதனாசிரியர்கள் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள்.

"மிஸ், மாடெண்டால் சமாளிப்பம். குதிரை கிட்டவே விடுதில்லை. நீங்களும் வசந்தி மிஸ்ஸும் என்னெண்டு செய்தனீங்கள்?"

நீங்களும் வசந்தி மிஸ்ஸும். அந்த ‘நீங்களும்’ என்ற சொல்லுக்காகவே இதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

என் ஊர் நீர்வேலி. வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. கண்டிப் பக்கத்தில் பயிற்சி, வன்னியில் முதல் நியமனம், இடம்பெயர்ந்து திரிந்த வருடங்கள், பிறகு வலிகாமத்தில் வீடு வீடாக மாடு பார்த்த நீண்ட காலம். ஸ்கூட்டியில் சினை ஊசிக் குடுவையைக் கட்டிக்கொண்டு போவேன். பரமேஸ் என்ற பெயரை விட்டுச் சனம் என்னை ‘ஊசி மிஸ்’ என்று கூப்பிட்டது. புண்ணில் புழு விழுந்துவிட்டால் என்னைத்தான் தேடுவார்கள். கொம்படியிலோ குளம்பிடுக்கிலோ எங்கே விழுந்தாலும், மாடு துள்ளாதபடி எடுத்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை வேறொருவர் வாயால் ஒருமுறை கேட்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அந்த வேறொருவர் டொக்டர் அருந்ததி.

டொக்டர் அருந்ததிதான் எங்கள் அலுவலகத்துக்குப் பொறுப்பான கால்நடை வைத்தியர். வெளிநாட்டில் ஒரு வருடம் குதிரைகளோடு வேலை செய்து படித்துவிட்டு வந்தவர். வந்த இடத்தில் மாடும் ஆடும் கோழியும்தான் இருந்தன. எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றி, கைலேஞ்சியால் துடைத்து, திரும்ப மாட்டிய பிறகுதான் பதில் வரும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பிழையாகச் செய்தால் பக்கத்தில் வந்து நின்று, தான் ஒருமுறை செய்து காட்டுவார். சரியாகச் செய்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவருக்குக் கீழே வேலை செய்த காலம் முழுவதும், அடுத்த வேலைக்குப் போகிற அந்த முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வசந்தி பிந்தி வந்தவள். அரியாலையில் கடல்நீரேரியில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பெண். கைக்குழந்தைக்காரி, கணவனுக்குக் கொழும்பில் வேலை. இரவெல்லாம் பிள்ளையோடு முழித்துவிட்டு, சிவந்த கண்ணோடு காலையில் வந்து கையெழுத்து வைப்பாள். அவளுக்கு வேலை பழக்கியது நான்தான். "அக்கா, அக்கா" என்று என் பின்னாலேயே திரிந்தாள். எனக்கும் அவளில் விருப்பம் இருந்தது. அந்தக் குதிரை வரும்வரை அந்த விருப்பத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

அரியாலையில் மண்டபம் வைத்திருந்த குலம் அண்ணை, புத்தளப் பக்கத்திலிருந்து அந்தக் குதிரையை வாங்கி வந்திருந்தார். செம்மண் நிறம். முழுதாக வளர்ந்து முடியாத வயது. வாங்கும்போதே அதன் தலையில் நைலோன் கயிற்றால் ஒரு கட்டுப் போட்டிருந்தார்கள்; மூக்குக்கு மேலால் ஒரு சுற்று, காதுக்குப் பின்னால் ஒரு சுற்று. நாலு பேர் சேர்ந்து அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்து, தூணோடு இறுக்கி, வண்டியில் பூட்டுவார்கள். அப்படியே சில கல்யாணங்களுக்கு ஓட்டினார்கள். ஒரு கல்யாணத்தில் வாசலில் சரவெடி கொளுத்தியபோது குதிரை வண்டியோடு பாய்ந்தது. வண்டி மதிலில் மோதி உடைந்தது. மாப்பிள்ளையின் மாமன் ரோட்டோர வடிகானுக்குள் விழுந்து தோள் விலகிப் போனார்.

அதன் பிறகு ஒருவரும் கிட்டப் போகவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் இருந்த வளவில் அதை விட்டுவிட்டு, தீனியை மதிலுக்கு மேலால் போட்டார்கள். அதற்குப் பைத்தியம் என்று வேலையாட்கள் ‘விசரன்’ எனப் பெயர் வைத்தார்கள். குதிரை வளர்ந்தது, கயிறு வளரவில்லை. மூக்கிலும் காதடியிலும் அது சதைக்குள் புதைந்து புண்ணாகிவிட்டது.

மார்கழி தொடங்கும்போது குலம் அண்ணை அலுவலகத்துக்கு வந்தார்.

"டொக்டர், மார்கழியிலை கலியாணம் இல்லை. தை பிறந்தால் எனக்குக் குதிரை வேணும். சரிவராதெண்டால் நீங்களே ஒரு ஊசியைப் போட்டு அதின்ரை கதையை முடிச்சு விடுங்கோ. ஆள்கொல்லியை வைச்சுக்கொண்டு நான் மண்டபம் நடத்த ஏலாது."

டொக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "பாப்பம்" என்றார்.

அடுத்தநாள் மூவரும் போனோம். மதிலோரமாக ஒரு மூலையில், பின்பக்கத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டு அது நின்றது. கிட்டப் போகாமலே புண் மணத்தது. நான் மாட்டு அனுபவத்தில் சொன்னேன்.

"நாலு பேரைக் கூப்பிட்டுக் கயிறு போட்டு விழுத்துவம் டொக்டர். நான் கயிறை வெட்டி எடுத்துவிடுறன். கெதியா முடிஞ்சிடும்."

"நாலு பேர் பிடிச்சால் இண்டைக்குப் பிடிக்கலாம் பரமேஸ். நாளைக்கு மருந்து கட்ட எட்டுப் பேர் வேணும். அடுத்த நாள்?"

டொக்டர் கையிலிருந்த காப்பையும் மணிக்கூட்டையும் கழற்றி என்னிடம் தந்தார். மண்டபத்திலிருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வளவின் நடுவில் போட்டு, குதிரைக்குப் பக்கவாட்டாக இருந்தார். அதைப் பார்க்கவே இல்லை. கடல்நீரேரிப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். மதிலுக்கு வெளியே நின்ற குலம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"டொக்டர், என்ன, குதிரைக்குக் கதிரை வைத்தியமோ?"

"அவசரமோ?" என்று மட்டும் டொக்டர் கேட்டார்.

நெடுநேரம் கழித்துக் குதிரை ஒரு காலை மாற்றி வைத்து, தலையைக் கொஞ்சம் திருப்பி, ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. அந்தக் கணமே டொக்டர் எழுந்து, கதிரையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அது இப்பதானே பாத்தது. ஏன் வந்தனீங்கள்?"

"பாத்தபடியால்தான் வந்தனான். ஆளைப் பாத்தால் ஆள் விலகிப் போகும், ஒண்டும் நடக்காது எண்டு அதுக்குத் தெரியவேணும். நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடப் பாக்கும்."

அவர் சொல்லித்தந்த முறை முழுவதும் இதுதான். குதிரை தாங்கக்கூடிய தூரம்வரை போவது. அது தலையை உயர்த்தினால் நிற்பது. அது தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டால் நாங்கள் விலகுவது. நேரே முகத்துக்குக் கையை நீட்டக்கூடாது. கண்ணுக்குள் பார்க்கக்கூடாது. தொடக்கூடிய நாள் வந்தால் முதலில் தோள், பிறகு கழுத்தும் முதுகும் சேருகிற மேடு. அங்கேதான் குதிரைகள் ஒன்றை ஒன்று பல்லால் சொறிந்து விடுமாம். நான் வீட்டிலிருந்து கதலிப்பழம் கொண்டுபோனேன், அதையும் மறித்துவிட்டார்.

"பழத்தைக் குடுத்தால் அது பழத்தைத்தான் பாக்கும். உங்களைப் பாக்காது."

காலையில் நான், மத்தியானத்துக்குப் பிறகு வசந்தி என்று முறை போட்டார். அந்த மார்கழியில் மழை விட்டபாடில்லை. குடை பிடித்தால் குதிரை மிரளும் என்பதால் மழைக்கோட்டோடு கதிரையில் இருப்பேன். அரியாலைக் காற்று எலும்புக்குள் போகும். ஆனால் நான் விடவில்லை. டொக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் எழுத்துப் பிசகாமல் செய்தேன். மூலையை விட்டு நகராமல் நின்ற குதிரை, பிறகு மூலையை விட்டு வெளியே வந்து மேய்ந்தது. பிறகு எனக்கும் அதற்கும் இடையில் ஒரு மாட்டுவண்டி நீளம்தான் இருந்தது. அது மூச்சு விடுகிற சத்தம் கேட்கும் தூரம். என் நெஞ்சு நிறைந்துபோய் வீட்டுக்கு வருவேன். முதலில் என்னிடம்தான் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஒருநாள் என் முறை முடிந்து, வசந்தியை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில், மழைக்கோட்டை வளவில் விட்டுவிட்டு வந்தது நினைவு வர ஸ்கூட்டியைத் திருப்பினேன். வாசல் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளே பார்த்தேன்.

வசந்தி கதிரையில் சரிந்து, தலை ஒரு பக்கம் விழ, வாய் கொஞ்சம் திறந்தபடி, அடித்துப் போட்டதுபோல நித்திரை. குதிரை அவளுக்குப் பின்னால் நின்றது. கழுத்தை நீட்டி அவளுடைய தலைமயிரை மணந்துகொண்டிருந்தது. மயிர்க்கற்றை அதன் மூச்சில் எழும்பி எழும்பி விழுந்தது. பிறகு மேலுதட்டால் அவளுடைய தோளைத் தொட்டு, சேலை விளிம்பைச் சப்பிப் பார்த்தது. புண் பிடித்த அந்த மூக்கை, ஒருவரும் கிட்ட நெருங்க முடியாத அந்த மூக்கை, அதுவே கொண்டுவந்து அவளிடம் வைத்திருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வந்தது கோபம். மழையில் ஊறியவள் நான். கண் இமைக்காமல் அதன் காதையும் வாலையும் கவனித்தவள் நான். இவள் வேலை நேரத்தில் நித்திரை கொள்கிறாள், அது இவளிடம் போகிறது. என் கை கதவுக் கொளுவியில் பட்டு ஒரு சின்னச் சத்தம். குதிரை துள்ளிப் பாய்ந்து மூலைக்கு ஓடியது. வசந்தி திடுக்கிட்டு எழுந்தாள்.

"ஐயோ அக்கா! கண் அயர்ந்து போட்டன்."

"உமக்கு விசரோ? உதைச்சிருந்தால் பிள்ளைக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"இரவு முழுக்க நித்திரை இல்லை அக்கா. என்னெண்டு அயர்ந்தனெண்டே தெரியாது."

குதிரை வந்ததை நான் அவளுக்குச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. தோளில் ஈரமாக ஒட்டியிருந்த எச்சிலைத் தொட்டுப் பார்த்து, அவளுக்கே தெரிந்துவிட்டது. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவளாகவே டொக்டரிடம் போய் நின்றாள்.

"டொக்டர், நேற்று வளவிலை நித்திரையாப் போட்டன்."

டொக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "குதிரை என்ன செய்தது?"

"தோளை நக்கிப்போட்டுது."

"நல்லது" என்றார் டொக்டர்.

நான் பக்கத்து மேசையில் மருந்துப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எத்தனை மாட்டின் புண்ணில் புழு எடுத்திருக்கிறேன், எத்தனை இரவல் சைக்கிளில் எந்தெந்தக் குச்சொழுங்கைக்கெல்லாம் போயிருக்கிறேன். ஒரு நல்லது இல்லை. நித்திரை கொண்டதற்கு ஒரு நல்லது.

அன்றைக்கு என் முறையில் நானும் கதிரையில் சரிந்து கண்ணை மூடினேன். தலையைத் தொங்கப் போட்டேன். ஒரு கட்டத்தில் மெல்லக் குறட்டையும் விட்டுப் பார்த்தேன். இமைக்கு இடையால் எட்டிப் பார்த்தால் குதிரை அந்தக் கடைசி மூலையில், தலையை நிமிர்த்தி, என்னையே உறுத்துப் பார்த்துக்கொண்டு நின்றது. முன்பு வந்த மாட்டுவண்டித் தூரத்துக்குக்கூட வரவில்லை. கண்ணைத் திறந்தபோது டொக்டர் கதவடியில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"பரமேஸ், கண்ணை மூடிக்கொண்டும் வசந்தியைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறியள்."

எனக்கு முகம் சுட்டது. நிமிர்ந்து இருந்தேன்.

"அவ ஒண்டும் எதிர்பாக்காமல் கிடந்தவ. நீங்கள் வரச்சொல்லி இழுத்துக்கொண்டு இருக்கிறியள். கயிறு இல்லாமல் இழுத்தாலும் அது இழுவைதான். குதிரைக்கு விளங்கும்."

இளம் போதனாசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக உருப்படியான விடயம் இதுதான். அதை என்னால் செய்ய முடிந்ததா என்று கேட்காதீர்கள். எதிர்பார்க்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாட்டில் முதுகுதான் பிடித்தது. வசந்தி நாளுக்கு நாள் முன்னேறினாள். தோளில் கை வைத்தாள். முதுகு மேட்டைச் சொறிந்து விட்டாள். அது கீழுதட்டைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. "என்ரை ராசா, அசையாமல் நில்லடா" என்று அதனோடு கதைப்பாள். வீட்டில் பால்மா முடிந்ததையும் மாமியார் முறைத்ததையும் அதற்குச் சொல்லுவாள். அது ஒரு காதை அவள் பக்கம் திருப்பிக் கேட்கும். விசரனை எல்லோரும் ராசா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் ‘குதிரை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கிடையில் மழை ஈரத்தில் புண் மோசமாகிப் புழு விழுந்தது. இனிப் பொறுக்க முடியாது என்றார் டொக்டர். மயக்க ஊசி போட்டாலும் குதிரை விழாது, நின்றபடியேதான் அரைத்தூக்கத்தில் இருக்கும், திடீரென்று பயந்தால் அந்த நிலையிலும் உதைக்கும் என்று எங்களுக்கு விளக்கினார். ஊசி போடவேண்டிய கழுத்து இடத்தை, சில நாட்கள் வசந்தி பேனை மூடியால் குத்திக் குத்திப் பழக்கினாள். குத்து ஒரு புதிய விடயமாக இருக்கக்கூடாது என்பதற்காக.

"வசந்தி தலைமாட்டிலை நிக்கட்டும். ஊசியும் மூச்சும் நான் பாக்கிறன். வெட்டுறது நீங்கள் பரமேஸ்" என்றார் டொக்டர்.

மழை விட்டிருந்த ஒரு காலை. டொக்டர் ஆண்கள் எல்லோரையும் ரோட்டுக்கு அனுப்பிவிட்டார். மண்டபத்தில் பாட்டை நிற்பாட்டச் சொன்னார். ஊசி ஏறிச் சற்று நேரத்தில் குதிரையின் தலை மெல்ல மெல்லத் தாழ்ந்து வசந்தியின் இடுப்பளவுக்கு வந்தது. அவள் ஒரு கையை அதன் முதுகு மேட்டில் வைத்தபடி நின்றாள்.

நான் இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரில் துணியை நனைத்து, காய்ந்து இறுகிய சீழை ஊறவைத்தேன். சதைக்குள் போகாத இடம் கன்னப் பக்கம்தான். அங்கே வளைந்த கத்தரிக்கோலை நுழைத்து முதல் வெட்டு. நைலோன் கயிற்றைச் சதைக்குள்ளிருந்து வெளியே தூக்கினால் கிழியும். அது கிடக்கிற போக்கிலேயே, புரி புரியாகப் பிரித்து, நூல் உருவுவதுபோல உருவவேண்டும். ஒரு புரியை உருவி, ஊறவைத்து, அடுத்த புரி. காதடியை முடித்துவிட்டு மூக்குக்கு வந்தேன். கயிறு எலும்பைத் தொடுகிற ஆழத்தில் கிடந்தது. மருந்து சொட்டியதும் வெளியே தலை நீட்டிய புழுக்களைச் சிறிய இடுக்கியால் எடுத்தேன். எனக்கு நேரம் தெரியவில்லை. கையும் புண்ணும் மட்டும்தான் உலகத்தில் இருந்தன.

கண்ணுக்குக் கீழே கடைசிப் புரி. கத்தரிக்கோலின் நுனி அதற்கு அடியில் இருந்தது. அப்போது பக்கத்து ஒழுங்கையில் யாரோ வெடி கொளுத்திவிட்டார்கள்.

குதிரையின் உடம்பு முழுவதும் ஒரு முறை விறைத்தது. தலை எழும்பத் தொடங்கியது. அது முழுதாக எழும்பினால் கத்தரிக்கோல் கண்ணுக்குள் போகும், அதை வெளியே உருவினாலும் சதை கிழியும். நான் கையை அதன் தலையோடு சேர்த்தே மேலே போகவிட்டேன். பின்னங்கால் தரையில் ஒரு முறை இடித்தது. குதிரை அரைக்கண்ணைத் திறந்து வசந்தியைத் தேடியது. அவள் பிடிக்கவில்லை, தடவவில்லை, சத்தமும் போடவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவுதான். குதிரையும் ஒரு மூச்சு விட்டது. தலை திரும்ப இறங்கியது. என் கையும் அதோடு இறங்கியது. கடைசிப் புரியை வெட்டி உருவினேன்.

என் சேவைக்காலத்தில் நான் செய்த மிகச் சிறந்த வேலை அது. இன்றைக்கும் அதைச் சந்தேகமில்லாமல் சொல்வேன். யாருடைய சதையில் அதைச் செய்தேனோ, அந்தச் சீவன் ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. அது வசந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வெட்டிய கயிற்றுத் துண்டுகளை டொக்டர் எடுத்துப் பார்த்தார். பிறகு கை கழுவப் போனார். அந்த முதுகு.

பிறகு வந்த கிழமைகள் இன்னும் மோசம். தினமும் புண்ணைக் கழுவி மருந்து போடவேண்டும், மருந்து எரியும். எரியவைக்கிற கை என்னுடையது. எரிந்து முடிந்ததும் சொறிந்து விடுகிற கை வசந்தியுடையது. என் ஸ்கூட்டிச் சத்தம் ஒழுங்கையில் கேட்டாலே குதிரை பின்வாங்கும் என்று வேலையாட்கள் சொன்னார்கள். நான் டொக்டரிடம் போனேன்.

"ஒரு கிழமைக்கு மாறிப் பாப்பமே டொக்டர்? மருந்தை வசந்தி போடட்டும், நான் தலைமாட்டிலை நிக்கிறன்."

கண்ணாடி துடைபட்டது. "ஏலாது. வசந்தி போட்டால் அதுக்குக் கூட நோகும். உங்கடை கைதான் நோகாமல் செய்யும்."

அது ஒரு புகழ்ச்சி என்று வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போதுதான் உறைத்தது. அப்போதும் போதவில்லை. கை நல்லது என்று என் கைக்கு முன்னமே தெரியும். எனக்கு வேண்டியிருந்தது வேறு.

தை பிறந்து குலம் அண்ணை பட்டும் சரிகையும் வைத்த புதுச் சேணத்தோடு வந்து நின்றார். வசந்தி குதிரையின் கழுத்தில் ஒரு மெல்லிய பருத்திக் கயிற்றைப் போட்டு, இழுக்காமல், பக்கத்தில் நடந்து, வளவைக் கடந்து அவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அது நின்றது. அவர் ஒரு அடி பின்னால் போய், பிறகு வெட்கப்பட்டு முன்னால் வந்தார்.

"கையை மூடிக் கீழ வைச்சுக்கொண்டு நில்லுங்கோ குலம் அண்ணை. அது மணந்து பாக்கட்டும்" என்றாள் வசந்தி.

அது மணந்தது. அந்தப் பெரிய மனிதர் சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். டொக்டர் அந்த நேரம் பார்த்துச் சொன்னார்: "சித்திரை கழியட்டும். அதுக்கு முதல் வண்டி இல்லை. இன்னொண்டு, உங்கடை வாசலிலை ஒண்டில் வெடி, இல்லாட்டில் குதிரை. ரெண்டும் ஏலாது."

"வெடி இல்லாமல் கலியாணமோ டொக்டர்?" என்று கேட்டுவிட்டு, குதிரையின் மூக்கைப் பார்த்தார். "சரி, வெடியை விடுவம்."

வண்டிக்குப் பழக்கியது நீண்ட கதை. ஒரு தந்திரத்தை மட்டும் சொல்கிறேன். வண்டியைக் குதிரைக்குப் பின்னால் கட்டுவதற்கு முன், ஆட்களைக் கொண்டு வெறும் வண்டியை அதற்கு முன்னால் இழுக்கச் செய்தோம். துரத்துகிற சத்தத்துக்குப் பயப்படுகிற குதிரை, தனக்கு முன்னால் ஓடுகிற சத்தத்தை ஆவலாகப் பின்தொடரும். பிறகு பக்கத்தில், பிறகு பின்னால். முழுவதும் வசந்தியின் கையால் நடந்தது. நான் புண்ணைப் பார்த்துவிட்டுக் குறிப்பெழுதினேன்.

வைகாசியில் முதல் கல்யாணம். சனத்துக்குள் நானும் நின்றேன். மேளமும் நாதஸ்வரமும் முன்னால் போக, குதிரை கழுத்தை வளைத்து நடந்து வந்தது. பக்கத்தில் வசந்தி, நீலச் சேலையில். எல்லோரும் கைபேசியில் அவளையும் குதிரையையும் படம் பிடித்தார்கள். புண் ஆறிய இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்திருந்தது. செம்மண் நிற முகத்தில் மூக்குக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, திருநீற்றுக் குறிபோல. என் பக்கத்தில் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்.

"அந்த வெள்ளைக் கோட்டைப் பாருமன், என்ன வடிவு! பிறவியிலேயே இருக்கும் என்ன?"

அது கோணாமல், பிசகாமல், நேராக ஆறியிருந்தது. நான் ஒவ்வொரு புரியாக உருவிய கோடு. சொல்லவேண்டும்போல வாய் துடித்தது. அதற்குள் வண்டி எங்களுக்கு முன்னால் நின்றது. வசந்தி அந்தப் பெண் சொன்னதைக் கேட்டுவிட்டாள்.

"பிறவியிலை இல்லை. இந்தா நிக்கிறா எங்கடை அக்கா, இவதான் வெட்டிச் சுகப்படுத்தினவ. இவ இல்லையெண்டால் ராசா இண்டைக்கு இல்லை."

சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. யாரோ கை தட்டினார்கள். நான் சிரித்தேன். உள்ளே எரிந்தது. நானே சொல்லியிருந்தால் தற்பெருமை. அவள் சொன்னதால் அவளுடைய பெருந்தன்மை. என் வேலைக்குக் கிடைத்த கைதட்டலும் அவள் கையால்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

டொக்டர் பிறகு இடமாற்றம் பெற்றுப் போனார். இன்னும் சில வருடங்களில் என் முறையும் வந்தது. பிரியாவிடை நாளில் அலுவலகத்தில் மாலை, வடை, பேச்சு எல்லாம் முடிந்து, அலுவலக ஸ்கூட்டியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தால் வாசலில் குலம் அண்ணையின் வண்டி நின்றது.

"ஊசி மிஸ் பஸ்ஸிலை போகக்கூடாது. சந்திவரையும் எண்டாலும் வண்டியிலை போங்கோ" என்றார் அவர்.

ஓட்ட வசந்தி ஏறியிருந்தாள். பின்னால் மாப்பிள்ளைமார் இருக்கிற பட்டு மெத்தையில் இருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முன்னால் ஏறி அவளுக்குப் பக்கத்தில் நெருக்கி இருந்தேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். குதிரையின் ஒரு காது ரோட்டைப் பார்த்து நின்றது. மற்றது பின்னால் திரும்பி வசந்தியிடம் நின்றது. அவள் ஏதேதோ கதைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான், என்னைக் கேட்டானாம்.

பாதி வழியில் அவள் கடிவாள வாரை என் பக்கம் நீட்டினாள்.

"பிடியுங்கோ அக்கா. ஒருநாளும் நீங்கள் பிடிக்கேல்லையே."

வாங்கினேன். தோல் வாருக்கு ஊடாக அந்த வாயின் அசைவு என் விரலுக்கு வந்தது. வேகம் மாறவில்லை. அந்தக் காதும் அசையவில்லை. அது இன்னும் அவளுடைய குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"வசந்தி, கொஞ்ச நேரம் கதையாமல் வாரும்" என்றேன்.

"ஏனக்கா?"

"சும்மா."

அவள் வாயை மூடினாள். குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. நான் மெல்ல, எனக்கே கேட்காத குரலில், "போவமே?" என்று குதிரையைக் கேட்டேன்.

அந்தக் காது அவளை விட்டு என் பக்கமாகத் திரும்பியது. திரும்பி அங்கேயே நின்றது. நான் இன்னொரு சொல் சொன்னேன். குதிரை தலையை ஒருமுறை ஆட்டி, நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டது.

வசந்தியும் அதைக் கண்டாள். சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. முகத்தை ரோட்டோரப் பக்கம் திருப்பிக்கொண்டு, மடியிலிருந்த வெறும் கைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பிசைந்தாள். அந்த முகத்தில் இருந்தது என்ன என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை.

சந்தி வரும்வரை வாரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.